ஆர்கேட் பெட்டியின் ஓவியங்களை மின்னுருவாக்குதல்: ஸ்பேஸ் இன்வேடர்ஸை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ், முதலில் வெளிவந்தபோது கறுப்பு வெள்ளை விளையாட்டு. அதன் மின்சுற்று திரைக்கு அனுப்பியது ஒளிரும் புள்ளிகளையும் இருளையும் மட்டுமே. ஆனால் நின்றபடி ஆடும் பெட்டியின் முன் காசு போட்டவர்கள் கண்டது வேறு: நிலவும் விண்மீன்களும் நிறைந்த வானத்தின் முன்னால், மேலே செம்மஞ்சளும் நடுவே வெள்ளையும் கீழே பச்சையுமாக ஒளிரும் உருவங்கள் மிதந்து இறங்கிக்கொண்டிருந்தன. அந்த வானத்தையும் நிறத்தையும் கொடுத்தவை ஓர் ஆடி, ஒரு பிளாஸ்டிக் நிலவு, வண்ணம் தீட்டிய ஒரு தட்டி, சில செலோபேன் பட்டைகள். விளையாட்டின் சிப்பிலிருந்து நிரலை எவ்வளவு துல்லியமாகப் படியெடுத்தாலும் இவற்றில் ஒன்றுகூட அதில் வராது.

எனவே எமுலேட்டரில் (பழைய இயந்திரத்தைப் போலவே கணினியை இயங்கவைக்கும் மென்பொருளில்) ஒரு பழைய விளையாட்டை உயிர்ப்பிக்க விரும்புகிறவர், படங்களைச் சேகரிப்பதோடு நின்றுவிடக் கூடாது. ஒளி எந்தப் பொருளில் தொடங்கி, எதன் வழியே சென்று, எதில் பட்டுத் திரும்பி, ஆடுகிறவரின் கண்ணை அடைந்தது என்ற வரிசையையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். அந்த வரிசை தெரியாமல் எடுக்கப்பட்ட ஸ்கேன், எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், பின்னால் எப்படிப் பொருத்துவது என்று தெரியாத உதிரிப் பாகமாகவே இருக்கும். கீழே சொல்லப்படும் படிகள் எல்லாப் பெட்டிகளுக்கும் பொருந்தும். ஆனால் மிகக் கடினமானதில் கற்றால் மற்றவை எளிதாகிவிடும் என்பதால் ஸ்பேஸ் இன்வேடர்ஸின் நின்றாடும் பெட்டியையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

பெட்டியைக் கழற்றுவதற்கு முன்

முதலில் ஒரு எச்சரிக்கை. பழைய படக்குழாய்த் திரைகள் மின்னிணைப்பைத் துண்டித்த பிறகும் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். அதை முறையாக இறக்கத் தெரிந்த ஒருவர் உடன் இல்லாமல் திரையின் பின்பக்கத்தில் கை வைக்க வேண்டாம்.

ஒரு திருகைக்கூடக் கழற்றுவதற்கு முன், பெட்டியை இருட்டறையில் இயக்கி, ஆடுகிறவரின் கண்மட்டத்திலிருந்து முக்காலியில் கேமராவை வைத்துப் படமெடுங்கள். கேமராவின் தானியங்கி ஒளியளவை அணைத்துவிட்டு, ஒரே அமைப்பில் மூன்று படங்கள் போதும்: திரையும் விளக்கும் எரியும்போது ஒன்று, திரையை மட்டும் மறைத்து ஒன்று, பின்னணி விளக்கை மட்டும் அணைத்து ஒன்று. இந்த மூன்றும்தான் பின்னால் எமுலேட்டரில் நிலவு எவ்வளவு மங்கலாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை சொல்லும். இவை இல்லாதவர்கள் கண்ணுக்கு அழகாகத் தோன்றும் அளவில் நிலவைப் பளிச்சென்று வைத்துவிடுகிறார்கள். அதன் பிறகு விளையாட்டு உருவங்கள் அதில் கரைந்துபோகின்றன.

பிறகு அளவெடுப்பு. ஸ்பேஸ் இன்வேடர்ஸில் படக்குழாய் ஆடுகிறவரின் நேர்ப்பார்வையில் இல்லை. அது மறைவாக வைக்கப்பட்டு, அதன் பிம்பம் ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி மறு பகுதியை ஊடுருவ விடும் ஆடியில் பட்டுக் கண்ணுக்கு வருகிறது. அந்த ஆடிக்குப் பின்னால், விண்மீன் தீட்டிய தட்டியின் மேல் பிளாஸ்டிக்கில் வெட்டிய நிலவு பொருத்தி வைக்கப்பட்டிருக்கிறது. செலோபேன் பட்டைகள் திரைப் படத்துக்கு மட்டும் நிறமூட்டுகின்றன. தட்டியை அவை தொடுவதில்லை. ஆடியின் சாய்வு, ஆடிக்கும் தட்டிக்கும் உள்ள தொலைவு, நிலவுக்கும் தட்டிக்கும் இடையிலுள்ள இடைவெளி, திரைச்சட்டத்தின் திறப்பு, ஒவ்வொரு பட்டையின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் திரையின் எந்த உயரத்தில் விழுகின்றன என்பவற்றை மில்லிமீட்டரில் ஒரு நோட்டில் குறியுங்கள். திரைப் படம் 224 பிக்சல் அகலமும் 256 பிக்சல் உயரமும் கொண்டது என்பதால், பட்டையின் விளிம்பு எந்தப் பிக்சல் வரிசையில் விழுகிறது என்பதையும் குறிக்க முடியும். மில்லிமீட்டர் அளவைவிட இது மேலும் பயன் தரும்.

பொருளை அறிதல்

ஒரு பெட்டியில் நான்கைந்து வகை அச்சு இருக்கும். நெற்றியில் ஒளிரும் பெயர்ப்பலகையான மார்க்கீ பெரும்பாலும் அக்ரிலிக்கிலோ கண்ணாடியிலோ பின்பக்கமாக அச்சிடப்பட்டு, பின்னால் ஒரு குழல்விளக்கு எரிய வைக்கப்பட்டது. திரையைச் சுற்றியுள்ள பெசல் கண்ணாடியும் பின்பக்க அச்சுதான். பக்கவாட்டு ஓவியங்கள் மரப்பலகையில் நேரடியாகவோ ஒட்டுத்தாளாகவோ இருக்கும். அக்காலத்தில் மிகுதியாகக் கையாளப்பட்டது ஸ்கிரீன் பிரிண்டிங். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வலைச்சட்டம், ஒவ்வொரு மையும் சமதளமாகப் படிந்த ஒரே நிறம்.

பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை ஓவியத்தின் ஓர் எல்லைக்கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். நிறம் புள்ளிப்புள்ளியாகப் பிரியாமல் ஒரே பரப்பாக இருந்து, இரண்டு மைகள் சந்திக்குமிடத்தில் மெல்லிய இழையாக ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால் அது ஸ்கிரீன் பிரிண்டிங். ஏறிய இடம் சற்றுக் கருத்துத் தெரியும். அந்தக் கரும் இழையின் அகலம் ஒரு பக்கத்தில் கூடுதலாகவும் எதிர்ப்பக்கத்தில் குறைவாகவும் இருந்தால், அச்சிட்டவரின் சட்டம் அன்று இம்மியளவு நகர்ந்திருக்கிறது. மாறாக, நான்கு நிறப் புள்ளிகள் ரோஜா இதழ்போல் சுற்றிச் சுற்றி அமைந்திருந்தால் அது ஆஃப்செட் அச்சு. இந்த வேறுபாட்டை இப்போதே அறிந்துகொள்ள வேண்டும். ஸ்கேன் செய்யும் அளவும் சீரமைக்கும் முறையும் இதைப் பொறுத்தே மாறுகின்றன.

ஸ்பேஸ் இன்வேடர்ஸ் பெட்டியின் ஓவியத்தில் உள்ள மனித வடிவப் பெரும் பூதங்கள் விளையாட்டுக்குள் எங்கும் வருவதில்லை. விளையாட்டுக்கு முதலில் வைத்திருந்த ‘ஸ்பேஸ் மான்ஸ்டர்ஸ்’ என்ற பெயரைக் கொண்டு ஓவியர் வரைந்ததே அதற்குக் காரணம் என்று நிஷிகாடோ சொல்லியிருக்கிறார். அந்தப் பூதங்களுக்கு அந்தப் பலகையை விட்டால் வேறு இருப்பிடம் கிடையாது. பலகை செல்லரித்தால் அவையும் போய்விடும்.

துடைப்பதற்கு முன் ஒருமுறை சிந்தியுங்கள்

பின்பக்கமாக அச்சிட்ட கண்ணாடியில் மை வெறும் தோலாகவே ஒட்டியிருக்கிறது. பல ஆண்டுகளாக விளக்கின் வெப்பத்தில் விரிந்து சுருங்கியதால் அது சில இடங்களில் கண்ணாடியை விட்டு எழும்பியும் இருக்கும். என் கைக்கு வந்த முதல் பெசல் கண்ணாடியின் பின்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தேன். நகத்தளவு கறுப்பு மை துணியோடு வந்துவிட்டது. அந்த இடத்தில் என்ன இருந்தது என்பதற்கு என்னிடம் படம்கூட இல்லை, ஏனெனில் துடைத்த பிறகு ஸ்கேன் செய்யலாம் என்று வைத்திருந்தேன். அன்றிலிருந்து தூசியோடு ஒருமுறை, தூய்மைக்குப் பின் ஒருமுறை என்று இரண்டு பதிவுகள் எடுக்கிறேன்.

மைப்பக்கத்தை மென்மையான தூரிகையால் தூசி தட்டுவதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டாம். மை எழும்பியிருந்தால் அதுவும் வேண்டாம். முன்பக்கத்தைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கலாம். அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானையும் ஆல்கஹாலையும் அக்ரிலிக்கின் அருகில் கொண்டுவரக் கூடாது. அவை அதன் பரப்பில் முடியிழை போன்ற விரிசல்களை உண்டாக்கும்.

ஸ்கேனரில் எடுத்தல்

மலிவான மெல்லிய ஸ்கேனர்களில் உள்ள சிஐஎஸ் உணரி, கண்ணாடியை ஒட்டியிருக்கும் பரப்பை மட்டுமே கூர்மையாகக் காணும். சற்றுத் தடித்த உடலுடன் வரும் சிசிடி வகை ஸ்கேனர் சில மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பதையும் தெளிவாகப் பதியும். மார்க்கீ ஸ்கேனரின் விளிம்பைத் தாண்டி நீளும்போது அந்த விளிம்பு அதைச் சற்றே தூக்கிவிடும் என்பதால், நம் வேலைக்குச் சிசிடி வகையே ஏற்றது. பழைய ஒன்றைத் தேடி வாங்கினாலும் பழுதில்லை.

24 அங்குல நீளமும் 9 அங்குல உயரமும் உள்ள ஒரு மார்க்கீயை ஏ4 ஸ்கேனரில் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மூடியைக் கழற்றிவிட்டு, எட்டரை அங்குல அகலத்தில் ஒவ்வொரு முறையும் இரண்டு அங்குலம் முந்தைய பகுதியோடு மேற்பொருந்துமாறு நகர்த்தினால் நான்கு ஸ்கேன்களில் முடியும். இடையில் பலகையைத் திருப்பிப் போடக் கூடாது. ஸ்கேனரின் விளக்கு ஒரே பக்கமிருந்து விழுவதால், திருப்பிப் போட்ட துண்டில் கீறல்களின் நிழல் எதிர்ப்பக்கம் விழுந்து, ஒட்டிய இடம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு அங்குலத்துக்கு 600 புள்ளிகள் போதுமானவை. ஆஃப்செட் அச்சுக்கு 1200இல் எடுத்து, பிறகு மென்மையாக்கிச் சுருக்கினால்தான் அலையலையான மோயரே கோடுகள் தோன்றாமல் இருக்கும். தானியங்கி நிறத்திருத்தம், கூர்மையாக்கல், தூசி நீக்கம் அனைத்தையும் அணைத்துவிடுங்கள். துண்டுக்குத் துண்டு ஸ்கேனர் தானே முடிவெடுத்தால் நான்கு துண்டும் நான்கு நிறத்தில் வந்து சேரும். ஒரு நிறத்துக்கு 16 பிட் அளவில், டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். மேற்சொன்ன மார்க்கீ 600 புள்ளியில் 14,400க்கு 5,400 பிக்சல் ஆகும். சுருக்காத கோப்பு ஏறக்குறைய 467 மெகாபைட் இடம் பிடிக்கும். பெரிதுதான், ஆனால் மூலம் என்பது இப்படித்தான் இருக்க வேண்டும். நிற அளவுகள் முன்பே தெரிந்த ஐடி8 நிற அட்டை ஒன்றையும் அதே அமைப்பில் ஸ்கேன் செய்து, அதிலிருந்து ஸ்கேனர் நிறங்களை எப்படிப் பதிகிறது என்று சொல்லும் ஐசிசி நிறவிவரக் கோப்பை உருவாக்கி உடன் வையுங்கள்.

கேமராவில் எடுத்தல்

பக்கவாட்டுப் பலகை, விண்மீன் தட்டி, நிலவு ஆகியவற்றுக்குக் கேமராதான் வழி. ஓவியத்தின் இரு பக்கமும் 45 பாகைக் கோணத்தில் இரண்டு ஒத்த விளக்குகள், எஃப் 8 அளவில் லென்ஸ், ஐஎஸ்ஓ 100, கேமரா எதையும் திருத்தாமல் சேமிக்கும் ரா கோப்பு. பளபளக்கும் பரப்பானால் விளக்குகளின் முன் ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் தாளும், லென்ஸின் முன் அதற்குக் குறுக்காகத் திருப்பிய போலரைசரும் வைத்தால் எதிரொளிப்பு மறைந்து, மை மட்டும் நிற்கும்.

கேமரா ஓவியத்துக்கு நேர் இணையாக நிற்கிறதா என்பதைக் கண்ணால் மதிப்பிட முடியாது. ஓவியத்தின் நடுவில் ஒரு சிறு முகக்கண்ணாடியை அதன் பரப்போடு ஒட்டி வைத்து, லென்ஸின் வழியே பாருங்கள். உங்கள் லென்ஸின் வட்டமே படத்தின் சரிநடுவில் தெரிந்தால் கேமரா நேராக இருக்கிறது. பெரிய பலகையைத் துண்டுதுண்டாக எடுக்கும்போது கேமராவை நின்ற இடத்திலிருந்து திருப்பாமல், இணையாக நகர்த்துங்கள்.

நிலவையும் தட்டியையும் தனித்தனியாக எடுப்பதோடு, இரண்டும் பொருத்திய நிலையில் ஆடுகிறவரின் கண் உயரத்திலிருந்தும் ஒன்று எடுக்க வேண்டும். நிலவின் நிழல் தட்டியில் விழும் விதம் அதில் மட்டுமே இருக்கும்.

மார்க்கீக்கு இரண்டு பதிவுகள் தேவை: முன்னிருந்து ஒளி விழுந்தபடி ஒன்று, பின்னால் சீரான வெண்ணொளிப் பலகையை வைத்து ஒன்று. எமுலேட்டரில் ஒளிரப் போவது இரண்டாவது. அதில் மை உதிர்ந்த ஊசித்துளைகள் எல்லாம் விண்மீன்களாகத் தெரியும் என்பதால், சீரமைக்க வேண்டிய இடங்களையும் அதுவே காட்டிவிடும். அட்டாரியின் ஆஸ்டெராய்ட்ஸ் டீலக்ஸ் போலப் புறஊதா விளக்கில் ஒளிரும் பின்னணி உள்ள பெட்டிகளுக்கு ஸ்கேனர் பயன்படாது. அதே வகைக் குழல்விளக்கின் கீழ், லென்ஸில் புறஊதாத் தடுப்பு வடிகட்டியுடன் படமெடுக்க வேண்டும்.

செலோபேன் பட்டைக்கு ஓர் எளிய வழி உண்டு. வெண்ணொளிப் பலகையின் மேல் அதை வைத்து, வெறும் வெண்மை 255 என்ற அளவுக்குச் சற்றுக் கீழே பதியுமாறு படமெடுத்து, பிறகு வெண்மையைச் சரியாக 255க்கு உயர்த்துங்கள். அப்போது பட்டை காட்டும் மூன்று நிற எண்களே எமுலேட்டருக்கு வேண்டிய நிறம். வெண்புள்ளி அதன் வழியே வந்தால் எப்படித் தெரியுமோ அதையே அந்த எண்கள் சொல்கின்றன.

மூலத்தைப் பூட்டி வைத்தல்

ஒட்டுவதற்கும் திருத்துவதற்கும் முன், எடுத்த எல்லாக் கோப்புகளுக்கும், கோப்பு சிறிது மாறினாலும் காட்டிக்கொடுக்கும் எஸ்ஹெச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, நோட்டின் படத்தையும் சேர்த்து, மூன்று பிரதிகளாக்கி, ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். இனி எந்த வேலையும் பிரதியின் மேல்தான்.

ஒட்டுதலும் நிறமும்

துண்டுகளை ஹுகின் என்ற இலவச மென்பொருளில் ஒட்டலாம். ஒட்டிய படத்தின் பிக்சல் அளவை நோட்டில் உள்ள உண்மை அளவோடு ஒப்பிடுங்கள். 14,400 வரவேண்டிய இடத்தில் 14,370 வந்தால் எங்கோ இழுபட்டிருக்கிறது. அதை அப்போதே சரிசெய்யாவிட்டால் பெசலின் திறப்பும் திரையும் பின்னால் பொருந்தாது.

மங்கிய நிறத்தை மீட்பதற்கான சாட்சி பெட்டியிலேயே இருக்கிறது. மார்க்கீயை மேலும் கீழும் பிடித்திருக்கும் உலோகப் பட்டிக்கு அடியில், திருகின் தலைக்கு அடியில், பக்கவாட்டுப் பலகையின் விளிம்பை மூடிய பிளாஸ்டிக் ஓரத்துக்கு அடியில் ஒளி நுழைந்ததே இல்லை. அங்கே அரை அங்குலம் அகலத்துக்கு முதல் நாளின் சிவப்பு அப்படியே இருக்கும். ஒவ்வொரு மைக்கும் அப்படி ஓர் இடம் தேடி, அதன் நிற எண்ணைக் குறித்து, அந்த மையின் பரப்பு முழுவதற்கும் அதையே இலக்காகக் கொள்ளுங்கள். பழுப்பேறிய அக்ரிலிக்கை வெள்ளை என்று மென்பொருளுக்குக் காட்டித் தானியங்கித் திருத்தம் செய்தால், எல்லா நிறமும் நீலம் பூசியதுபோல் ஆகிவிடும்.

ஸ்கிரீன் பிரிண்டிங் ஓவியத்தை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வெக்டராக, அதாவது பிக்சல்களாக அல்லாமல் கோடுகளாகவும் வடிவங்களாகவும், மீண்டும் வரைவது சிறந்த முறை. மைக்கு ஓர் அடுக்கு, அச்சிட்ட வரிசையிலேயே; பின்பக்க அச்சில் முதலில் இட்ட மைதான் முன்னால் தெரியும் என்பதை மறக்க வேண்டாம். தானியங்கியாகக் கோடு பிடிக்கும் வசதி கூர்முனைகளை மழுக்கி, நேர்கோடுகளை நெளியவைக்கும். வளைகோடுகளைக் கையாலேயே இடுங்கள். ஒரு மார்க்கீக்குப் பல மாலைகள் போகும். கீறல், துரு, உதிர்ந்த மை ஆகியவற்றை நீக்கலாம். ஓவியரின் தூரிகை நெளிவையும், மை ஏறிய இழையையும் நீக்கக் கூடாது. அவை சேதமல்ல, படைப்பின் பகுதி. படத்தைப் பெரிதாக்கிக் கூர்மையாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை இந்த வேலையில் நான் அறவே ஏற்பதில்லை. அவை இல்லாத கோட்டை இருந்ததுபோல் வரைந்துவிடுகின்றன. பத்தாண்டு கழித்து அந்தக் கோப்பைப் பார்க்கிறவருக்கு எது ஓவியருடையது, எது இயந்திரத்துடையது என்று பிரித்தறிய வழியிருக்காது.

மேமில் பொருத்துதல்

நிக்கோலா சால்மோரியா 1997 பிப்ரவரியில் முதலில் வெளியிட்ட மேம் என்ற ஆர்கேட் எமுலேட்டர், இத்தகைய ஓவியங்களுக்கென்றே ஓர் அமைப்பைக் கொண்டிருக்கிறது. ஆர்ட்வொர்க் என்ற கோப்புறைக்குள், விளையாட்டின் குறும்பெயரில் ஒரு கோப்புறையோ ஜிப் கோப்போ வைத்து, அதில் பிஎன்ஜி படங்களையும், எக்ஸ்எம்எல் நடையில் எழுதிய ஒரு லேஅவுட் கோப்பையும் இட வேண்டும். லேஅவுட் கோப்பில் ஒவ்வொரு படத்தையும் ஓர் உறுப்பாக அறிவித்து, பிறகு ஒரு காட்சிக்குள் அவற்றின் இடத்தையும் அளவையும் வரிசையையும் குறிப்பிடுகிறோம். இட அளவுக்கான அலகை நாமே தேர்ந்துகொள்ளலாம் என்பதால், பெட்டியின் மில்லிமீட்டரையே அலகாக வைத்துக்கொண்டால் நோட்டில் உள்ள எண்களை அப்படியே எழுதிவிடலாம்.

முதலில் எழுதப்படும் உறுப்பு அடியில் இருக்கும். அடுத்தடுத்தவை அதன் மேல் ஏறும். இங்கேதான் ஒளியின் வரிசை கைகொடுக்கிறது. முதலில் திரை, மூன்றுக்கு நான்கு என்ற விகிதத்தில். அதன் மேல் செலோபேன் படம், பெருக்கல் முறையில். வடிகட்டித் தாள் ஒளியைக் குறைக்கவே செய்யும் என்பதால் வெள்ளை பச்சையாகும், கறுப்பு கறுப்பாகவே இருக்கும். அதற்குப் பிறகுதான் நிலவும் தட்டியும், கூட்டல் முறையில். ஆடி இரண்டு ஒளிகளைக் கூட்டியே கண்ணுக்கு அனுப்புகிறது. தட்டியைத் திரைக்குப் பின்னால் இருப்பதாக எண்ணி முதலில் வைத்து, கடைசியில் நிறத்தாளைப் பெருக்கினால், நிலவின் அடிப்பகுதியும் பச்சையாகிவிடும். பெட்டியில் அப்படி நிகழ வழியே இல்லை. இறுதியாகப் பெசல், சாதாரண ஒளிபுகு முறையில்.

தட்டிப் படத்தின் ஒளியளவை முதல் நாள் எடுத்த மூன்று இருட்டறைப் படங்களோடு ஒப்பிட்டுக் குறையுங்கள். பெசல் படத்தில் ஒளிபுகும் பகுதியின் நிறத்தை வெள்ளையாக விடாமல் விளிம்பின் நிறத்தாலேயே நிரப்புங்கள். இல்லாவிட்டால் படம் சுருங்கும்போது ஓரத்தில் வெளிறிய கோடு தோன்றும். வெளியிடும் படங்கள் 4கே திரைக்கேற்ற அளவில் இருந்தால் போதும். முழுப் பெட்டி, பெசல் மட்டும், திரை மட்டும் என மூன்று காட்சிகள் எழுதிவைத்தால் சிறிய திரை வைத்திருப்பவருக்கும் பயன்படும்.

ஓவியத்தின் பதிப்புரிமை பெட்டியை வைத்திருப்பவருக்கோ ஸ்கேன் செய்தவருக்கோ உரியதல்ல. டைட்டோ 2005 முதல் ஸ்கொயர் எனிக்ஸின் கையில் இருக்கிறது. அச்சிட்டு விற்பது போன்ற எதையும் உரிமையாளரின் இசைவின்றிச் செய்யக் கூடாது. மூலப் பொருளையே பாதுகாப்பான இடத்துக்குக் கொடுக்க விரும்புகிறவர்கள், நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் உள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகம் போன்ற, மின்னணு விளையாட்டு வரலாற்றுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கும் நிறுவனங்களை அணுகலாம்.

கடைசிச் சோதனை

விளையாட்டை இயக்கிக் காசு போடுங்கள். பீரங்கியிலிருந்து குண்டு பச்சையாகப் புறப்பட்டு, பட்டையின் எல்லையைத் தாண்டியதும் வெள்ளையாக வேண்டும். பிறகு சுடாமல் காத்திருங்கள். படை வரிசை வரிசையாக இறங்கும்போது, கீழ்வரிசை உருவம் ஒன்று எல்லைக்கோட்டில் நிற்கும் நொடியில் அதன் தலை வெள்ளையாகவும் கால்கள் பச்சையாகவும் இருக்க வேண்டும். அந்த வெட்டு நோட்டில் குறித்த பிக்சல் வரிசையிலேயே விழுந்தால் நிறத்தாள் சரியான இடத்தில் இருக்கிறது. ஒரு பிக்சல் விலகினாலும் லேஅவுட் கோப்பைத் திறந்து அளவைத் திருத்தி மீண்டும் இயக்குங்கள். சரியானதும் கோப்புக்குப் பதிப்பு எண்ணும் தேதியும் இட்டு, ஒரு பிரதியைப் பெட்டியைத் திறக்க இசைந்த அதன் உரிமையாளருக்கு அனுப்பிவையுங்கள்.